பொம்மைப் படத்துக்கு எதிராகக் கை தூக்கியவர்கள்

போன மாதம் கல்லூரியிலிருந்து இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். 'அனிமே காவியமாகுமா?' என்று பட்டிமன்றம் வைக்கிறார்களாம். நான்தான் நடுவராக வரவேண்டுமாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியாரம்மா சும்மா வீட்டில் இருக்கிறாள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "வர முடியாது, போங்கள்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன். அதில் ஒரு பெண், தான் பார்க்கும் ஜப்பான் படம் ஒன்றைப் போனில் காட்ட ஆசையாக எடுத்திருந்தாள். அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டாள். அவர்கள் படியிறங்கிய பிறகுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் மேல் என்ன தப்பு?

விஷயம் என்னவென்றால், இதே தலைப்பில் நான் ஏற்கெனவே பேசியிருக்கிறேன். அப்போது எனக்கு வயது பத்தொன்பது. அனிமே என்ற சொல்லே எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. பொம்மைப் படம் என்றுதான் சொல்வோம். பொம்மைப் படம் காவியம் ஆகாது என்று பேசினேன். ஜெயித்தும் விட்டேன்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சண்டையில் இரண்டும். ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் பெரிய வீட்டுக்குச் சொந்தமாக இருந்தது. அவர்கள் சைவக் குடும்பம், தலைமுறையாக சர்க்கார் ஆபீஸ்களில் குமஸ்தா வேலை பார்த்தவர்கள். எங்கள் குடும்பமும் எங்களைப் போல் இன்னும் பத்திருபது குடும்பங்களும் அவர்கள் மண்ணில் குடிசை போட்டு, அவர்கள் வயலில் வேலை செய்தவர்கள். நிலச் சட்டம் வந்தது. குடியிருந்த இடம், பத்து சென்ட், எங்களுக்கே ஆனது. அதற்குப் பட்டயம் வாங்கிய அன்று முதல் அப்பா பெரிய வீட்டுக்காரரை 'ஏமானே' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு 'சாரே' என்று கூப்பிடத் தொடங்கினார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவரும் அதற்கு முகம் கோணாமல் பதில் சொன்னாராம்.

அந்தக் காலத்தில்தான் எங்கள் ஊருக்குக் கை தூக்கும் பழக்கம் வந்தது. கை கட்டி நின்றவர்கள் விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டங்களில் கை தூக்கி ஓட்டுப் போட்டுப் பழகி, பிறகு எதற்கெடுத்தாலும் கை தூக்கித்தான் தீர்மானிப்பது என்று ஆனது. வாசகசாலையிலும் அப்படியே. ஆண்டுவிழா அன்று மத்தியானம் ஒரு தர்க்கம் நடக்கும். இரண்டு பேர் எதிரெதிராகப் பேசுவார்கள். முடிந்ததும் மண்டபத்தில் இருப்பவர்கள் கை தூக்க வேண்டும். செயலாளர் எண்ணி மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுவார். பேச்சு தமிழில், மினிட்ஸ் மலையாளத்தில். வெறும் பேச்சோடு போகாது. எந்தப் பக்கம் ஜெயிக்கிறதோ அதுதான் நடக்கும். நாடகமா கதாபிரசங்கமா என்று தர்க்கம் நடந்தால், ஜெயித்தது சாயங்காலம் மேடை ஏறும்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேச்சைக் கேட்டுக் கை தூக்கியவர்கள் குறைவு. பட்டயம் வாங்கிய வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம், பெரிய வீட்டாரும் அவர்களை அண்டியவர்களும் மறு பக்கம். வாசகசாலைத் தலைவர் பெரிய வீட்டுக்காரர்தான்; ஆனாலும் தர்க்கத்தில் எங்கள் ஆட்களே ஜெயிப்பார்கள். அவர் முகத்துக்கு நேராகக் கையை உயர்த்துவதில் எங்கள் ஆட்களுக்கு அப்படியொரு சந்தோஷம். பேசியது என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்பா அந்தச் சமயம் வளைகுடாவில் இருந்தார். ஒரு அரபி வீட்டில் சமையல்கட்டு வேலை. அந்த வீட்டுப் பிள்ளைகள் சாயங்காலம் டி.வி.யில் பொம்மைப் படம் பார்க்கும். ஜப்பான்காரன் வரைந்தது, அரபியில் பேசும். அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டே சமையல்கட்டு வாசலில் நின்று பார்ப்பார். அரபி மொழியே அவர் அதில்தான் படித்தார். அது நாடகத்தில் பேசுவதுபோல் சுத்தமான அரபியாம். அப்பா கடையில் போய் அப்படிப் பேசினால் கடைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். இதை அப்பா பெருமையாகத்தான் சொன்னார். செந்தமிழ் செந்தமிழ் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்த எனக்கு அதில் ஒரு பெருமையும் அப்போது தெரியவில்லை.

அப்பாவுக்கு எழுத்து வராது. அதனால் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். பேட்டரி போட்ட டூ-இன்-ஒன் ரேடியோவில் அம்மாவும் நானும் கேட்போம். நலம் விசாரிப்பு, சாப்பாடு, வெயில் எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதிக் கேசட் முழுக்க அந்தப் பொம்மைப் படத்தின் கதைதான். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆறு. ஆற்றில் தோணி தள்ளும் ஒரு சின்னப் பெண். அவள் அப்பா மலைக்கு அந்தப் பக்கம் சுரங்க வேலைக்குப் போனவர். அவர் வருவாரா என்பதுதான் கதை.

மூன்று வருடத்தில் அப்பா அதற்கு மூன்று முடிவு சொன்னார். முதல் முறை அந்த அப்பா திரும்பி வருகிறார், மகளுக்கு அடையாளம் தெரியாமல் "எங்கே போகணும்?" என்று கேட்கிறாள். இரண்டாவது கேசட்டில் அவர் வருவதே இல்லை. மூன்றாவதில் அந்தப் பெண் தோணியை விட்டுவிட்டு மலையேறிப் போகிறாள். முதல் கேசட் வந்தபோது அப்பாவுக்கு அடுத்த மாதம் விடுப்பு என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாவது வந்தபோது அந்த விடுப்பு இல்லை என்று ஆகியிருந்தது. மூன்றாவது, எனக்கு மார்த்தாண்டத்தில் பி.ஏ. தமிழுக்கு இடம் கிடைத்த சேதி அவருக்குப் போன பிறகு வந்தது. முடிவு ஏன் மாறியது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

ஒருவழியாக விடுப்பு கிடைத்து அப்பா வந்தார். கூடவே ஒரு டி.வி., ஒரு வி.சி.ஆர்., அந்தப் பொம்மைப் படம் பதிந்த மூன்று டேப். எங்கள் வீட்டில் அப்போது கரண்ட் கிடையாது. பெட்டிகளைப் பிரிக்காமல் கட்டில் பக்கத்தில் அடுக்கி வைத்தார். கேட்டவர்களிடம் எல்லாம் ஒரே பதில்தான்.

"வாசகசாலையில கரண்டு உண்டல்லா. ஆண்டுவிழாவுக்கு அங்க போட்டுக் காட்டுவேன். ஜப்பான்காரன் வரைஞ்சதாக்கும், ஆனா நம்ம கதை. பாத்தா எல்லாரும் அழுவிய."

சொல்லிச் சொல்லி அது ஊர் முழுக்கப் பரவியது. விழா முடிந்து நாலாம் நாள் அவருக்கு விமானம். அன்று விட்டால் இனி எப்போது விடுப்பு என்று அவருக்கே தெரியாது.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் பெரிய வீட்டுக்காரர் எங்கள் முற்றத்துக்கு வந்தார். அவர் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அம்மா நாற்காலியை இரண்டு தடவை துடைத்தாள்.

"இரியுங்கோ சாரே," என்றார் அப்பா.

அவர் உட்கார்ந்தார். குரல் உயர்த்தாமல் பேசுகிறவர். "ரெண்டு காரியம் கேக்க வந்தேன். ஒண்ணு, இந்த மெஷின். ஆண்டுவிழாவுக்கு நெய்யாற்றின்கரையிலேருந்து ஒரு பழைய காவியப் படம் எடுப்போம்ணு இருக்கேன். கறுப்பு வெள்ளை. அதப் போட ஒம்ம மெஷினு வேணும்."

"அதுக்கென்ன சாரே. ஆனா எனக்க கையிலயும் ஒரு படம் உண்டு."

"அறிவேன். அதுனாலதான் தர்க்கம் வைக்கலாம்ணு நெனச்சேன். பொம்மைப் படம் காவியத்துக்குச் சமமாவுமா, ஆவாதா? ஆவும்ணு ஜெயிச்சா ஒம்ம படம், இல்லேண்ணா நம்ம படம்." பிறகு என்னைப் பார்த்தார். "ஆவாதுண்ணு பேச ஒனக்கு விருப்பம் உண்டா பிள்ளே? தமிழ் படிக்கிற பிள்ளைக்குத்தான் காவியத்துக்க அருமை தெரியும்."

தந்திரம் எனக்கு உடனே புரிந்தது. எங்கள் வீட்டுப் பெண்ணே பேசினால் எங்கள் ஆட்களின் ஓட்டு பிரியும். அவருக்கு ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். ஆனால் புரிந்ததைவிட அதிகமாக எனக்கு மனம் குளிர்ந்துபோய்விட்டது. பெரிய வீட்டுக்காரர், கல்லூரியில் படித்தவர், வீடு தேடி வந்து என்னிடம் விருப்பம் கேட்கிறார். சரி என்று சொன்னேன். சொல்லும்போது அப்பா முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் போனதும் அம்மா என்மேல் பாய்ந்தாள். "எட்டி, ஒனக்கு ஆரு பெருசு? மூணு வருசம் கழிச்சு வந்த மனுசன் ஒரு படம் போட்டுக் காட்டப்படாதா?"

"பேசட்டும் விடு," என்றார் அப்பா. "பெரிய வீட்டுக்காரரு எனக்க மவளத் தேடி வந்தாரு பாத்தியா?"

அந்த மூன்று நாளும் அம்மா என்னிடம் பேசவில்லை. அப்பா வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார். எனக்கோ உள்ளுக்குள் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று வருடம் ஊரில் இல்லாதவர், ஊரே கூடும் இடத்தில் குழந்தைகள் படத்தைப் போட்டுக் காட்டி என் மானத்தை வாங்கப் பார்க்கிறாரே என்ற கோபம். கல்லூரியில் என்னோடு படித்த வாத்தியார் வீட்டுப் பெண்களும் வக்கீல் வீட்டுப் பெண்களும் விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் பொம்மைப்படக்காரன் மகளாக நிற்கக் கூடாது. கூச்சம் இல்லாமல் சொன்னால், அவ்வளவுதான் என் காவியப் பற்று.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் கோயிலில் பூசை கண்டுவிட்டு, மத்தியானம் அப்பா டி.வி.யையும் வி.சி.ஆரையும் ஒரு கைவண்டியில் ஏற்றி, பக்கத்தில் பிடித்தபடியே வாசகசாலைக்குக் கொண்டுபோனார். மேடையில் வைத்து ஒயர் எல்லாம் மாட்டிவிட்டு, முன்வரிசையில் மெஷின் பக்கமாக உட்கார்ந்தார். வெளிநாட்டுச் சட்டை, அத்தர் வாசனை. டேப் மூன்றும் மடியில் இருந்தன.

அப்பா பக்கம் பேச எழுந்தவர் முக்குக்கடைத் தையல்காரர். எங்களைப் போலவே பட்டயம் வாங்கியவர், நல்ல வாய்க்காரர்.

"தோல்பாவைக் கூத்துல சாமி வரும்போ எழும்பி நிண்ணு கும்பிட்டது ஆரு? நாமதான். அது ஆட்டுத் தோலாக்கும். ஆட்டுத் தோலுக்கு உயிரு உண்டுண்ணா ஜப்பான்காரன் வரைஞ்ச பிள்ளைக்கு மட்டும் இல்லியா? கோயில் சுவருல இருக்கப்பட்டதும் வரைஞ்சதுதானே? நடிக்க ஆளு இல்லண்ணு தள்ளப்படாது. ஆயிரம் படம் வரைஞ்சாத்தான் அந்தப் பிள்ளை ஒரு தடவ கண்ணீரு தொடைக்கும். அவ்வளவு பாடுபட்டவனுக்கு ஒரு மரியாத வேண்டாமா?"

கைதட்டல் எழுந்தது. இன்று யோசித்தால், அதன் பிறகு நான் படித்த எத்தனையோ கட்டுரைகளில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நான் எழுந்தேன். காவியம் என்றால் காலம் கடந்து நிற்க வேண்டும் என்றேன். ஒரு புலவன் வேண்டும், ஆலையில் ஆயிரம் பேர் கூடி வரைவதற்கு யார் புலவன் என்று கேட்டேன். தோல்பாவை பின்னால் பாடுகிறவன் உயிரோடு இருக்கிறான், இதில் யார் இருக்கிறார்கள் என்றேன். பெரிய வீட்டுக்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார். தோழிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது தையல்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "பிள்ளே, இவ்வளவு பேசுறியே, நீ அந்தப் படம் பாத்தியா?"

மண்டபம் சிரித்தது. பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. கரண்ட் இல்லாத வீட்டில் எங்கே பார்ப்பது? எங்கள் ஆட்கள் இப்போதே கை தூக்கத் தயாராக இருந்தார்கள். தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. தோற்றிருக்கலாம். ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது.

"பார்க்கவில்லை, கேட்டிருக்கிறேன்," என்றேன். "அப்பா கேசட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு முறை கதையில் வரும் அப்பா திரும்பி வந்தார். இன்னொரு முறை வரவே இல்லை. மூன்றாம் முறை மகளே தேடிப் போனாள். ஒரே படத்துக்கு மூன்று முடிவு! சொல்கிறவர் வாய்க்கு வந்தபடி மாறுவது காவியமா? இதில் எது அந்த ஜப்பான்காரர் வரைந்தது, எது என் அப்பா சமையல்கட்டில் நின்று கட்டிவிட்டது?"

முதலில் சிரித்தது எங்கள் ஆட்கள்தான். அப்புறம் எல்லோரும். "எலே, கேசட்டுலயும் கத விட்டியாலே?" என்று ஒருவர் அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பாவும் கொஞ்சம் தாமதித்துச் சிரித்தார். பெண்கள் பக்கத்தில் அம்மா மட்டும் தலை குனிந்திருந்தாள். அந்தக் கேசட்டுகளை அவள் என்னோடு உட்கார்ந்து கேட்டவள். இரண்டாவது முடிவைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் கேட்டதை நான் ஊருக்கே எடுத்துப் போட்டுவிட்டேன்.

செயலாளர் எழுந்தார். பொம்மைப் படம் காவியத்துக்குச் சமம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். கைகள் எழுந்தன. வழக்கத்தைவிடக் குறைவு, ஆனாலும் நிறைய. எண்ணினார். முப்பத்தொன்று. நான் அப்பாவைப் பார்த்தேன். இரண்டு கையும் மடியில் டேப்புகள் மேல் இருந்தன.

"எலே, ஒனக்க படத்துக்கு நீ தூக்கல்லியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அப்பா திரும்பவில்லை. பேசியவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு இல்லை, அப்பாவுக்கு உண்டு. மெஷின்காரனுக்கு ஓட்டு இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. எழுந்து போய்ச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

சமம் இல்லை என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் செயலாளர். பெரிய வீட்டார் தூக்கினார்கள். என் தோழிகள் தூக்கினார்கள். எங்கள் ஆட்களில் ஏழெட்டுப் பேர், இன்னும் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். முன்வரிசையில் அப்பா டேப்புகளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினார். பாதி தூக்கவில்லை, நேராக, முழுக்கத் தூக்கினார். என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கினார்.

செயலாளர் இரண்டு தடவை எண்ணினார். முப்பத்திரண்டு.

மண்டபம் ஒரே இரைச்சல். பெரிய வீட்டுக்காரர் எழுந்து வந்து என் தலையில் கைவைத்து ஏதோ சொன்னார், என் காதில் விழவில்லை. அப்பா மேடையேறி, பெரிய வீட்டுக்காரரின் டேப்பை வாங்கி மெஷினில் போட்டு, கோடு கோடாக ஓடிய படத்தைத் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டிருந்தார். வெளிச்சம் வராமல் ஜன்னல்களைச் சாத்தினார்கள். பழைய படத்தின் பாட்டு தொடங்கியது.

என்னால் உள்ளே இருக்க முடியவில்லை. வெளியே வந்து கைவண்டி பக்கத்தில் நின்றேன். இன்னும் பொழுது சாயவில்லை. சற்றுநேரத்தில் அப்பாவும் வந்தார். டேப்புகளைக் கைவண்டியில் வைத்தார்.

"நல்லா பேசினே மக்கா," என்றார். "ஒருத்தரும் வாய் தெறக்கல்ல பாத்தியா? எனக்க மவளாக்கும்ணு இருந்துது."

நான் அழத் தொடங்கியிருந்தேன். அவர் அதைப் பார்க்காததுபோல், டேப் உறையிலிருந்த தூசியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"நீ சொன்னது சரியாக்கும். நான் மாத்தி மாத்தித்தான் சொன்னேன். கடைசி பாகம் வந்த அண்ணு அந்த வீட்டுல கலியாணம், எனக்கு ராவும் பகலும் அடுப்படியில சோலி. பாக்க முடியல்ல. டேப்புலயும் அது இல்ல." டேப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "இண்ணு எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்டு ஒங்கிட்ட கேக்கலாம்ணு இருந்தேன். அந்த அப்பன் வருவானா, வர மாட்டானாண்ணு. நீ படிச்ச பிள்ளையல்லா, ஒனக்குத் தெரியும்லா?"

உள்ளே படம் நின்றுவிட்டது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "வாறேன், வாறேன்," என்று சொல்லிக்கொண்டே போனார். நாலாம் நாள் விமானம் ஏறும் வரை அவர் அதை மறுபடி கேட்கவில்லை. நானும் பதில் சொல்லவில்லை.